நூலகத்துக்கு வரி கேட்ட கணக்கு வாத்தியார்: யார் இந்த எஸ்.ஆர். ரங்கநாதன்?

கோலாலம்பூர், ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போயிருக்கிறீர்களா? மலாய்க்காரர்களின் தெங்கோலோக் தலைப்பாகையை மடித்து வைத்தது போல ஒரு கூரை. உள்ளே மேசை, நாற்காலி, ஏர்கான். எஸ்பிஎம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம், பத்திரிகை புரட்டும் பெரியவர்கள் இன்னொரு பக்கம். யாரும் உங்களிடம் டிக்கெட் கேட்பதில்லை. ஒரு கோப்பை தே தாரேக்கூட வாங்க வேண்டியதில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. கிள்ளான் பள்ளத்தாக்கில் காசு செலவழிக்காமல், எந்த மதம், எந்த சங்கம் என்று யாரும் கேட்காமல், நாலு மணி நேரம் உட்காரக்கூடிய இடம் வேறு எத்தனை இருக்கிறது? மாலில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் ஏதாவது வாங்கத் தோன்றும். கடையில் உட்கார்ந்தால் பில் வரும்.

நூலகத்துக்கும் பில் உண்டு. அதை வரியாக எல்லோரும் சேர்ந்து கட்டுகிறோம். இன்றைக்கு இது நமக்குச் சாதாரணம். ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால், நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறிய தமிழ் ஊர்களில், நூலகம் என்றால் ஒரு ராஜாவோ ஜமீன்தாரோ செட்டியாரோ மனமிரங்கிக் கொடுக்கும் தர்மம். தர்மம் வேண்டாம், சட்டம் போடுங்கள் என்று கேட்ட மனிதர் ஒருவர் இருந்தார். அவர் கணக்கு வாத்தியார். நூலக வேலைக்கு வந்ததே கிட்டத்தட்ட தற்செயல்தான்.

சீர்காழியிலிருந்து சென்னைக்கு

சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் 1892 ஆகஸ்டில் பழைய தஞ்சாவூர் மாவட்டத்து சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதில் அப்பா போய்விட்டார். பேச்சில் திக்கல் இருந்தது. இருந்தும் அவர் தேர்ந்தெடுத்தது வகுப்பறை முன்னால் நின்று பேசும் தொழிலை. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியருக்கு இவர்மேல் தனிப் பிரியம். இந்த ராஸ் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். படிப்பு முடிந்ததும் மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணித ஆசிரியர் வேலை. (கணிதமேதை ராமானுஜனைப் பற்றி பிற்காலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காதல் கடைசி வரை விடவில்லை.)

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முறையாக நூலகர் என்று ஒரு பதவியை உருவாக்கியது. ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தார்கள். நூலகப் படிப்பு படித்தவர் ஒருவர்கூட இல்லை. ரங்கநாதனுக்கும் ஒன்றும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்னால் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார் என்கிறார்கள். கணித ஆய்வுக் கட்டுரைகள் கைவசம் இருந்ததால் வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சில வாரத்திலேயே போரடித்துவிட்டது.

வகுப்பறையின் சத்தத்துக்குப் பழகியவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. யாரும் வருவதில்லை. புத்தகம் இருக்கிறது, வாசகர் இல்லை. பழைய வேலையையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் போனார். பல்கலைக்கழகத்தில் ஒரு சமரசம் பேசினார்கள்: லண்டன் போய் நூலகக் கலையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கணித வேலை உங்களுக்கே.

அதே 1924-இல்தான் கோலாலம்பூரில் தமிழ் நேசன் பத்திரிகை பிறந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே கேள்விதான் எழுந்துகொண்டிருந்தது: சாதாரணத் தமிழன் கைக்கு அச்செழுத்து எப்படிப் போய்ச் சேரும்?

லண்டனில் என்ன பார்த்தார்?

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் நூலகப் பள்ளி இருந்தது. அங்கே பெர்விக் சேயர்ஸ் என்ற ஆசிரியர், குரோய்டன் ஊர் நூலகத்தின் தலைவர். அவர் சொல்லிக் கொடுத்ததைவிட ரங்கநாதனை மாற்றியது அவர் சுற்றிப் பார்த்த நூலகங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பல்கலைக்கழக நூலகங்களை மட்டும் அவர் பார்க்கவில்லை, ஊர் நூலகங்களையும் தேடிப் போனார். தொழிலாளிகள் வாழும் தெருவில் நூலகம். பிள்ளைகளுக்கு என்று தனி அறை. வேலை முடிந்து வருகிறவர் படிக்க இரவிலும் விளக்கு எரிகிறது. இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது? 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு நூலகச் சட்டம் போட்டிருந்தது. நகர சபைகள் வீட்டு வரியோடு சேர்த்து நூலகத்துக்காக ஒரு சின்னத் தொகை வசூலிக்கலாம் என்பது அதன் சாரம்.

நம் ஊர்களை ஆண்டதும் அதே பிரிட்டிஷ்காரர்தான். அவர்கள் ஊரில் இருக்கும் சட்டம் மெட்ராஸில் இல்லை, மலாயாவிலும் இல்லை. இந்த வித்தியாசம் அவர் மனதில் தைத்துவிட்டது.

புத்தகங்களை எப்படிப் பிரித்து அடுக்குவது என்பதிலும் அவருக்கு ஒரு குடைச்சல் இருந்தது. அமெரிக்காவின் டூவி தசம முறையில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு எண் முன்கூட்டியே தயாராக இருக்கும். புது விஷயம் வந்தால் எங்கே வைப்பது? செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சின்னச் சின்ன உலோகத் துண்டுகள், திருகுகள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் கிரேன், பாலம், வண்டி என்று எது வேண்டுமானாலும் வரும். அறிவையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டலாமே! அதிலிருந்து பிறந்ததுதான் 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. இன்றைக்கு ஆன்லைன் கடையில் நீங்கள் நிறம், அளவு, விலை என்று ஒவ்வொன்றாக ஃபில்டர் தட்டுகிறீர்கள் அல்லவா, அந்தச் சிந்தனைக்கு இவர் ஒரு முன்னோடி.

1925-இல் ஊர் திரும்பினார். வரும் வழியில் கப்பலில் இருந்த நூலகத்தையே தன் முறைப்படி அடுக்கிப் பார்த்தார் என்பார்கள். கணித வேலையைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

ஐந்து விதிகள், சுருக்கமாக

அடுத்த இருபது வருடம் சென்னைப் பல்கலைக்கழக நூலகம்தான் அவர் வீடு. அலமாரிப் பூட்டுகளைத் திறந்தார், வாசகர் தானே போய்ப் புத்தகத்தை எடுக்கலாம் என்று ஆக்கினார். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். அவரும் வாரம் ஏழு நாளும் உழைத்தார், விடுப்பு எடுப்பதில்லை. முதல் மனைவி ருக்மிணி 1928-இல் கோயில் குளத்தில் விழுந்து இறந்துபோனார். அடுத்த வருடம் சாரதாவோடு கல்யாணம். அன்று பிற்பகலே மாப்பிள்ளை நூலகத்துக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு என்னவோ, வீட்டில் காத்திருந்த அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நூலகம் என்பதற்கு அடிப்படை விதி ஏதாவது இருக்க வேண்டுமே என்று, கணக்கு மனசு அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. 1928-இல் அதைப் பற்றிக் குழம்பி உட்கார்ந்திருந்தபோது அதே ராஸ் வந்தார். அவர் எடுத்துக்கொடுத்த ஒரு சின்ன வாக்கியமே முதல் விதியாக நின்றது. மற்ற நான்கும் அதிலிருந்து கிளைத்தன. 1931-இல் புத்தகமாக வந்தது.

முதல் விதியை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: புத்தகம் பூட்டிவைக்கும் சொத்து அல்ல, உபயோகிக்கும் பொருள். கேட்க ரொம்ப சாதாரணமா இருக்கா? இதை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் மாறிவிடும். நூலகம் ஊருக்கு வெளியே இருக்க முடியாது. ஆபீஸ் நேரத்தில் மட்டும் திறந்திருக்க முடியாது. நாற்காலி முதுகை உடைக்கக் கூடாது. இதில் எது தவறினாலும் அது நூலகம் இல்லை, வெறும் கிடங்கு.

இரண்டாவது விதிதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். வாசிக்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் கிடைத்தாக வேண்டும் என்பது அதன் பொருள். ஒவ்வொருவர் என்றால் யார்? ரங்கநாதன் நீட்டிக்கொண்டே போனார். பெண்கள். கிராமத்துக்காரர். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர். சிறையில் இருப்பவர். கண் தெரியாதவர். எழுத்தே தெரியாதவர்கூட. அவருக்கு யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் நூலகத்தின் வேலைதான் என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் நடப்பவர்களுக்கு இது உடனே புரியும். கேஎல் சென்ட்ரலிலிருந்து இறங்கினால் நடைபாதையில் மஞ்சள் நிற மேடு வரிகள், வெள்ளைத்தடியோடு போகும் மனிதர்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பிரெய்ல் புத்தகங்களும் ஒலி நூல்களும் அங்கே உண்டு. அந்தச் சங்கம் தொடங்குவதற்கு இருபது வருடம் முன்பே இப்படிப்பட்ட வாசகரும் நூலகத்தின் வாசகர்தான் என்று வாதாடியவர் இவர்.

மூன்றாவது, நான்காவது விதிகள் நூலகருக்கான தொழில் விஷயம்: எந்தப் புத்தகமும் ஆளில்லாமல் கிடக்கக் கூடாது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது.

மாட்டு வண்டியும் கிள்ளான் தோட்டங்களும்

எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டாரா என்றால் இல்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கத்தை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர். 1931 அக்டோபரில் மன்னார்குடியில் ஒரு நூலகம் மாட்டு வண்டியில் கிளம்பியது. கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் செய்த வண்டி. தொடக்க விழாவுக்கு ரங்கநாதனும் போயிருந்தார். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்தது அந்த வண்டி. இன்று நீங்கள் பார்க்கும் நடமாடும் நூலகப் பேருந்துகளுக்கு அது தாத்தா.

அதே காலத்தில் இந்தப் பக்கம் கிள்ளானைச் சுற்றி இருந்த ரப்பர் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். நூலகம் இருக்கட்டும், நாலு பேர் கூடிப் பேசவே இடமில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னணியில் இருந்த ஆர்.எச். நாதன் தமிழ் நேசனில் வேலை பார்த்தவர். அவர்கள் கேட்டது கூலி உயர்வை மட்டும் அல்ல. பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை கேட்டார்கள், கூட்டம் கூடவும் பேசவும் சுதந்திரம் கேட்டார்கள். தோட்டத்து அதிகாரியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள்.

பத்திரிகை ஆபீஸிலிருந்து வந்த ஒருவரும், கூடிப் பேச இடம் கேட்ட தொழிலாளர்களும் ஒரே போராட்டத்தில் நின்றது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. செய்தி தெரிந்தால் பேசத் தோன்றும். பேச ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரையை முதலாளி தரும் சலுகையாக விட்டால், பிடிக்காத பேச்சு வந்த அன்றைக்கே அவர் அதைப் பிடுங்கிக்கொள்வார்.

ஏன் சட்டம்? நன்கொடை போதாதா?

நம் சமூகம் நன்கொடைக்குக் கை நீட்டிக் கொடுக்கத் தயங்கியதே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் 1904-இல் விவேகானந்தா ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழ் எங்கள் உயிர் என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளிகளும் அதில் தங்கள் பங்கைப் போட்டார்கள். இன்றைக்கும் பந்தாய் வளாகத்தில் இருக்கும் அந்தத் தமிழ் நூல் சேகரம் அப்படி வளர்ந்ததுதான்.

ரங்கநாதன் நன்கொடையாளர்களை மட்டமாக நினைத்தவர் இல்லை. ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தார். கொடுப்பவர் இருக்கும் வரைதான் நன்கொடை நூலகம் உயிரோடு இருக்கும். அவர் பிள்ளைக்கு ஆர்வம் இல்லையென்றால் மூடப்படும். எந்தப் புத்தகம் வரலாம், யார் உள்ளே வரலாம் என்பதையும் காசு கொடுப்பவர்தான் தீர்மானிப்பார். வரியில் நடக்கும் நூலகத்தில் உங்களுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. ஏன் மூடியிருக்கிறது, என் மொழிப் புத்தகம் எங்கே என்று கேட்கலாம்.

1930-இல் காசியில் நடந்த கல்வி மாநாட்டில் அவர் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். 1933-இல் பஷீர் அகமது சயீத் அதையொட்டிய மசோதாவை மெட்ராஸ் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோனார். கட்டாய வரி என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. படிக்காதவன் எதுக்கு நூலகத்துக்கு வரி கட்டணும் என்பது அப்போதைய வாதம். இன்றைக்கும் வேறு வேறு குரலில் இதைக் கேட்கலாம்: எல்லாம் போனில் கிடைக்கிறதே, எதற்கு நூலகம்?

பதினைந்து வருடம் அவர் விடவில்லை. நடுவே 1945-இல் புதிய துணைவேந்தரோடு ஒத்துப்போகாமல் தனக்குப் பிரியமான சென்னை நூலகத்தைவிட்டே வெளியேறினார். மனம் உடைந்துபோன காலம் அது. காசி இந்துப் பல்கலைக்கழகம் அழைத்தது. போனார். ஒரு லட்சம் புத்தகங்களைத் தன் கையாலேயே பகுத்து வைத்தார். துக்கத்தை இப்படியும் ஆற்றிக்கொள்ளலாம் போல. பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம்.

சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ராஸ் கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார் இவர் யோசனையைக் கையில் எடுத்தார். 1948-இல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதன்முறை. வீட்டு வரியோடு ஒரு சிறு நூலக வரி, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, அதன்கீழ் கிளைகள். தேதியைக் கவனியுங்கள். வயது வந்த எல்லோரும் வாக்களித்த இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1951-52-இல்தான். 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 18 பேர். மெட்ராஸில் எல்லோருக்கும் வாக்குச்சீட்டு வருவதற்கு முன்னால் நூலகச் சட்டம் வந்துவிட்டது. 1949-இல் யுனெஸ்கோவும் பொது நூலகத்தை ஜனநாயகத்தின் கருவி என்று அறிக்கை வெளியிட்டது. தமிழ்நாடு அதற்கு ஒரு வருடம் முந்திக்கொண்டது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லைங்க. ரங்கநாதன் கேட்ட வடிவம் முழுதாகக் கிடைக்கவில்லை. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நூலகத்துக்குக் கொடுக்காமல் நிலுவை வைத்திருப்பது தமிழ்நாட்டில் வருடாவருடம் வரும் செய்தி. ஆனால் நிலுவை என்று சொல்ல முடிகிறதே, அதுதான் வித்தியாசம். வராத நன்கொடையை யாரும் நிலுவை என்று சொல்வதில்லை.

யாழ்ப்பாணம்

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சில குடும்பங்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் வலிக்கும். யாழ்ப்பாணத்தில் கே.எம். செல்லப்பா 1933-இல் தன் வீட்டிலேயே தொடங்கிய சின்ன நூலகம், ஊரே சேர்ந்து வளர்த்து, 1950-களில் பெரிய கட்டடம் கட்டும் அளவுக்கு வந்தது. எப்படி அமைக்கலாம் என்று ஆலோசனை கேட்டது ரங்கநாதனிடம். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்தார். 1959-இல் திறந்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. நூலகம் வெறும் புத்தக அலமாரிதான் என்றால் அதை எரிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

ரங்கநாதன் அதைப் பார்க்க இல்லை. 1962-இல் பெங்களூரில் ஆவண ஆய்வுக்கும் பயிற்சிக்கும் ஒரு மையத்தைத் தொடங்கி, அந்த ஊரிலேயே 1972 செப்டம்பர் 27 அன்று காலமானார். சேமித்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயை நூலகவியல் பேராசிரியர் பதவிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார். பதவிக்குத் தன் பெயரை மட்டும் வைக்கவில்லை. கல்யாணத்தன்று காத்திருந்த சாரதாவின் பெயரும் அதில் இருக்கிறது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

அவர் இறந்த அதே 1972-இல்தான் மலேசியாவில் தேசிய நூலகச் சட்டம் வந்தது. 1986-இல் இன்னொரு சட்டம்: இந்த நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஐந்து பிரதிகளைப் பதிப்பாளர் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். எந்த மொழி என்று அது பார்ப்பதில்லை. கிள்ளானில் ஒருவர் சொந்தக் காசில் போடும் தமிழ்க் கவிதைத் தொகுப்புக்கும் அதே விதிதான்.

ஆனால் பக்கத்துப் பொது நூலகத்தில் தமிழ் அலமாரி எவ்வளவு நீளம் என்பதை அந்தச் சட்டம் தீர்மானிப்பதில்லை. எது இரவல் போகிறது, எதை வாசகர் வந்து கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் உலகமெங்கும் நூலகங்கள் வாங்குகின்றன. தோட்டங்கள் மூடப்பட்டு நம் மக்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து பல வருடமாகிவிட்டது. தோட்டத்துக் கோயிலடியும் பள்ளித் திடலும் அங்கேயே நின்றுவிட்டன. ஷா ஆலமில் ராஜா துன் உடா நூலகம் இருக்கிறது, டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் கோலாலம்பூர் நூலகம் இருக்கிறது, கிள்ளானிலும் பொது நூலகம் உண்டு. உறுப்பினராக மைகார்டை எடுத்துக்கொண்டு போங்க. நீங்கள் தேடும் தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால், இல்லை என்று திரும்பி வராமல், கவுண்டரில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாங்க.